சருகுக்குள் கிடக்கும் எறும்புக்குப் பெயர் வைப்பது

மாரி தொடங்கி இரண்டு மூன்று நல்ல மழை விழுந்து ஓய்ந்ததும், திருகோணமலையில் கன்னியாப் பக்கத்துக் காட்டிலோ திரியாய்ப் பக்கமோ, பாலை, வீரை மரங்களின் கீழ் குந்தியிருந்து ஒரு பிடி சருகை எடுத்துப் பாருங்கள். மேலே கிடக்கும் இலை மொறுமொறு என்றிருக்கும். அதற்குக் கீழே உள்ளது கறுத்து, நரம்பு மட்டும் மிஞ்சி, வெள்ளைப் பூஞ்சண நூல் ஓடிக் கிடக்கும். அந்த ஒரு விரற்கடைத் தடிப்புக்குள் 2 மில்லிமீற்றர்கூட வராத எறும்புகள் வாழ்கின்றன. சீனிப் போத்தலுக்கு வராது, முசுறு மாதிரிக் கடித்துத் தன்னைத் தெரியப்படுத்தாது. தேடினால் மட்டும்தான் கிடைக்கும்.

இலங்கையில் பெயர் பெற்ற எறும்பினங்கள் 300க்கு மேல். புதியது தேடுவோர் பெரும்பாலும் சிங்கராஜா போன்ற ஈர வலயக் காடுகளுக்குத்தான் போகிறார்கள். காரணமும் உண்டு: 1893இல் எறும்பியலாளர் எமெரி விவரித்த அனியூரீட்டஸ் சைமோனி என்ற எறும்பு, ஒரு முழு உபகுடும்பத்தில் இன்று உயிரோடு எஞ்சியுள்ள ஒரே இனம். அது இந்தத் தீவில் மட்டுமே உண்டு. ஆனாலும் உலர் வலயச் சருகை இவ்வளவு தூரம் ஒதுக்குவது பிழை என்பதே என் எண்ணம். திருகோணமலைக் காட்டுச் சருகு ஆண்டில் சில மாதங்களுக்குத்தான் ஈரமாக இருக்கும். கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனி, ஆடியில் போய் அரித்தால் தூசிதான் மிஞ்சும். எறும்பு மண்ணுக்குள் இறங்கியிருக்கும். “ஒன்றும் இல்லை” என்று எழுதிவிட்டு வருகிறவர் பருவம் பிழைத்துப் போனவராகவே இருப்பார்.

போக முன்னர் அனுமதி. ஒதுக்குக் காடு என்றால் வனத் திணைக்களம், சரணாலயம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். எழுத்தில் அனுமதி இல்லாமல் எடுத்த மாதிரியை வைத்துக் கட்டுரை எழுதினால் நல்ல இதழ்கள் ஏற்காது, மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. யானை நடமாடும் இடங்களில் விடியலிலும் பொழுதுபட்டும் போகவேண்டாம். சருகுக்குக் குனிந்திருப்பவருக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

கம்பியால் 1 மீற்றர் சதுரச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். சட்டத்தை வைத்ததும் ஓரங்களிலிருந்து உள்நோக்கி வேகமாக வாரவேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் ஓரத்து எறும்பு ஓடிவிடும். உக்கிய சுள்ளிகளைக் கத்தியால் பிளந்து அதையும் சேர்க்கவேண்டும், பல சிற்றினங்களின் கூடு அதற்குள்தான். வாரியதை 1 சென்ரிமீற்றர் கண்ணுள்ள வலை பொருத்திய துணிப்பையில் போட்டு நன்றாக உலுப்பினால் பெரிய இலை மேலே தங்கும், பொடியும் எறும்பும் கீழே இறங்கும். வழமையான திட்டம் 200 மீற்றர் நேர்கோட்டில் 10 மீற்றருக்கு ஒன்றாக 20 சதுரங்கள். கொட்டும் மழைக்கு மறுநாளே போகாதீர்கள். நனைந்த சருகு கட்டிபட்டு வலையில் ஒட்டிக்கொள்ளும், எறும்பும் அதோடு நின்றுவிடும். இன்னும் ஒரு நாள், இரண்டு நாள் பொறுங்கள்.

அரித்த பொடியை விங்க்ளர் பையில் தொங்கவிடவேண்டும். உள்ளே 4 மில்லிமீற்றர் கண்ணுள்ள தட்டையான வலைப்பை, வெளியே பருத்தித் துணிப்பை, அடியில் மதுசாரக் கிண்ணம். சருகு காயக் காய எறும்பு ஈரம் தேடி அலைந்து வலையால் வெளியேறி விழும். 48 மணித்தியாலம் விடுங்கள். 24 மணித்தியாலத்தில் ஒருமுறை சருகைக் கொட்டிக் கிளறி மீண்டும் நிரப்பினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். பொடியை நிரப்பி முடித்த பிறகே கிண்ணத்தைக் கட்டவேண்டும். முதலே கட்டினால் உதிரும் மண்ணெல்லாம் மதுசாரத்துக்குள். மதுசாரம் 95 வீதமாக இருக்கட்டும், பிறகு டிஎன்ஏ எடுக்க உதவும். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டினால் கழன்றுவிடும், பேனை மை மதுசாரத்தில் கரைந்துவிடும். இடம், அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், திகதி, முறை, எடுத்தவர் பெயர் என்ற ஏழில் ஒன்று குறைந்தாலும் அந்த எறும்பு வெறும் எறும்புதான்.

இனி நுணுக்குக்காட்டி. முதலில் இடுப்பு. அங்கே இரண்டு கணு (சிறு முடிச்சு) இருந்தால் பெரும்பாலும் மிர்மிசினே உபகுடும்பம். அடுத்தது உணர்கொம்புத் துண்டங்கள். 12 துண்டம், நுனியில் 3 துண்டம் தடித்துக் கதாயுதம் போல என்றால் ஃபைடோலே என்ற சாதி (நெருங்கிய இனங்களின் கூட்டம்) ஆகலாம். 10 துண்டம், 2 துண்டத்துக் கதாயுதம் என்றால் சொலெனொப்சிஸ் பக்கம் பாருங்கள். 4 முதல் 6 வரை மட்டும் என்றால் ஸ்ட்ருமிஜெனிஸ்: இதய வடிவத் தலை, இடுப்பைச் சுற்றிக் கடற்பஞ்சு மாதிரி வெளிறிய திசு. சருகில் துள்ளும் வால்துள்ளிப் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன் இது. நடுவிலுள்ள துண்டங்கள் மிகக் குறுகியவை, ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். கீழிருந்து வெளிச்சம் விட்டு இரண்டு கொம்பையும் தனித்தனியே எண்ணுங்கள்.

“புதிய இனம்” என்று சொல்லப்படுபவற்றில் பலவும் இந்தக் கட்டத்தில்தான் விழும். ஃபைடோலேயில் பெருந்தலைப் படைவீரரும் சிறிய வேலையாளும் ஒரே கூட்டுப் பிள்ளைகள். தனித்தனியாகக் கண்டவர் இரண்டு இனமாக்கிவிடுவார். கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வந்த எறும்பு வெளிறி மஞ்சளாக இருக்கும், அதை நிறத்தால் பிரித்தால் பிழை. ஆகவே ஒரு எறும்பை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரே கூட்டிலிருந்து பத்துப் பதினைந்தும், வேறு இடங்களிலிருந்து இன்னும் சிலவும் வேண்டும்.

அளப்பதற்கு முன் எறும்பை ஒட்டவேண்டும். தடித்த வெள்ளை அட்டையில் கூரிய முக்கோணம் வெட்டி, அகன்ற பக்கத்தில் ஊசி குத்தி, நுனியில் நீரில் கரையும் பசை துளியளவு வைத்து, நடுக்கால் பின்கால் அடிகளுக்கு இடையே எறும்பை இருத்துங்கள். முக்கோணம் எறும்பின் வலப்பக்கத்தால் வரட்டும், இடப்பக்கம் முழுதும் தெரியும். பசை இடுப்புக் கணுவில் ஏறினால் பார்க்கவேண்டிய இடமே மூடிவிடும்.

அளக்கவேண்டியவை: தலையின் நீளம், அகலம், உணர்கொம்புக் காம்பு (அடியிலுள்ள நீண்ட துண்டம்), கண், மார்பின் நீளம், கணுக்களின் அகலம். தலையை அளக்கும்போது முன்விளிம்பும் பின்விளிம்பும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியவேண்டும். தலை 0.62 மில்லிமீற்றர் நீளம், 0.56 அகலம் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் தலைச் சுட்டெண் 90. எறும்பு 20 பாகை சரிந்திருந்தால் நீளம் 0.58 ஆகத்தான் தெரியும், சுட்டெண் 96ஐத் தாண்டிவிடும். கவனிக்காமல் விட்ட ஒரு சரிவு இரண்டு இனங்களுக்கிடையே உள்ள வித்தியாசம் அளவுக்குப் பிழை தரும். மூன்று தரம் எடுத்து, ஒவ்வொரு தரமும் எறும்பைக் கழற்றி மீண்டும் நிமிர்த்தி வைத்து அளங்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது ஒப்பிடுவது. அந்தச் சாதியில் இந்தியாவிலும் இலங்கையிலும் விவரிக்கப்பட்ட எல்லா இனங்களின் மூல விவரிப்பையும் படிக்கவேண்டும். பிரித்தானிய இந்திய எறும்புகள் பற்றிய பிங்ஹாமின் 1903ஆம் ஆண்டுத் தொகுதி நல்ல தொடக்கம், அது மட்டும் போதாது. பூச்சியியலாளர் வோக்கர் 1859இல் இலங்கை எறும்புகளுக்கு எழுதிய விவரிப்புகள் மிகச் சுருக்கமானவை. அவற்றை வைத்து எதுவென்று சொல்வது அரிது. அப்படியான பெயர்களையும் கணக்கில் எடுத்து, ஏன் இது அதுவல்ல என்று எழுதவேண்டும். மூல மாதிரிகளின் (இனத்தை முதலில் விவரிக்கப் பயன்பட்ட எறும்புகளின்) படங்கள் பல இன்று ஆன்ட்வெப் என்ற இணையத்தளத்தில் இருக்கின்றன. முன்னர் ஐரோப்பிய நூதனசாலைக்குப் போகவேண்டியிருந்த வேலையின் பெரும்பகுதி இப்போது திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தபடியே நடக்கும். டிஎன்ஏயின் 658 காரச்சோடி நீளச் சிறுதுண்டு துணைச் சாட்சி. அதை மட்டும் வைத்துப் பெயர் வைக்கவேண்டாம்.

பெயர் இலத்தீன் இலக்கணத்துக்கு ஒத்துவரவேண்டும். ஊர்ப்பெயர் என்றால் முடிவு என்சிஸ், ஆனால் டெட்ரமோரியம் அஃறிணைப்பால் என்பதால் அங்கே என்செ. ஒரு எறும்பை முதன்மை மாதிரி (பெயர் நிரந்தரமாகச் சேரும் மாதிரி) என்று வெளிப்படையாகக் குறித்து, எங்கே வைத்திருக்கிறது என்றும் எழுதவேண்டும். சர்வதேச விலங்குப் பெயரிடல் விதிப்படி 1999க்குப் பிறகு இது கட்டாயம். மின்னிதழில் மட்டும் வருவதானால் சூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் முன்பதிவும் வேண்டும். கட்டுரை வருமுன் பெயரை முகநூலில் போடாதீர்கள். விதிப்படி அது செல்லாத பெயர், குழப்பம் மட்டுமே மிஞ்சும்.

முதன்மை மாதிரிக்குச் சிவப்புச் சீட்டுக் குத்திக் கொழும்புத் தேசிய நூதனசாலையில் ஒப்படையுங்கள். துணை மாதிரிகளை ஒரே அலுமாரியில் வைக்காமல் இரண்டு மூன்று நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள், தீயோ வெள்ளமோ வந்தாலும் ஒன்றாவது தப்பும். அதே கூட்டைச் சேர்ந்த சில எறும்புகள் மதுசாரத்தில் தனிக் குப்பியில் இருக்கட்டும். பிறகு ஒருவர் உங்கள் முடிவைச் சோதிக்க வந்தால், அவர் முதலில் கேட்பது அந்தக் குப்பியைத்தான்.