மின்விசிறி எடுத்த வகுப்பு

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) செய்முறை வகுப்பு என்றால் பெரிய மேஜை, சுற்றி 20 பேர், கத்தரிக்கோல், பசை. இந்த முறை தலைகள் 200. இடமும் படிக்கட்டாக ஏறும் விரிவுரை அரங்கம். "அதே பாடம்தானே, கொஞ்சம் சத்தமாச் சொன்னாப் போதும்" என்று மேலிடத்தில் தைரியம் கொடுத்தார்கள்.

இருக்கையோடு இருக்கும் எழுதும் பலகையில் நோட்டை வைத்தால் பேனாவுக்கு இடமில்லை. அதில் 200 கத்தரிக்கோலா? நினைக்கவே கை வியர்த்தது. சரி, காகிதத்தைக் கையால் கிழிக்கட்டும்.

முதல் பயிற்சி, 1923இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் எழுதிய கெஸ்டால்ட் விதிகள். தனித்தனியாக இருப்பவற்றைக் கண் எப்படிச் சேர்த்துப் பார்க்கிறது என்று சொல்பவை. அதில் ஒன்று: அருகருகே இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாகப் பார்க்கும். ஆளுக்கு ஆறு துண்டு. நகர்த்தி நகர்த்திக் கண்டுபிடிக்க வேண்டும். அழகாக அடுக்கி முடித்தார்கள். அப்போது யாரோ புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட, 1,200 துண்டும் ஜோராகக் கிளம்பின. ஒரே திசையில் சேர்ந்து நகர்பவையும் ஒரே குழுவாகத் தெரியும் என்பது அதே வெர்த்தைமர் சொன்ன இன்னொரு விதி. அதை அடுத்த வாரத்துக்கு வைத்திருந்தேன். மின்விசிறி முந்திக்கொண்டது.

அப்புறம் விமர்சனம். முன்பெல்லாம் ஒவ்வொரு படத்தையும் சுவரில் குத்தி ஐந்து நிமிடம் பேசுவோம். 200 பேருக்கு அது 1,000 நிமிடம், கிட்டத்தட்ட 17 மணி நேரம்! அதனால் தாளைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளச் சொன்னேன். வாங்கியவர் தனக்குப் புரிந்ததை ஒரு வரி எழுத வேண்டும். வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. ஒரு மாணவி 'அமைதி காக்கவும்' பலகைக்காக உதட்டில் விரல் வைத்த முகம் வரைந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவன் பொறுப்பாக எழுதினான்: "பல் டாக்டர், இடது பக்கம்." பேசக் கூடாதே! அவள் கையாலேயே போட்ட சண்டை, படத்தைவிடத் தெளிவாக இருந்தது.

நுணுக்கமான வெட்டு ஒட்டு வேலைக்கு இந்த அரங்கு லாயக்கில்லை, அது நஷ்டம்தான். ஆனால் சின்ன வகுப்பில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது: கடைசி வரிசை. முன்வரிசை போஸ்டரைத் தூக்கிப் பிடிக்கும். கடைசி வரிசைக்குப் புரிந்தால் பாஸ். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து, பென்சில் கோடு, மூலையில் எறும்பு சைஸ் வாசகம் எல்லாம் "தெரியலை சார்!" என்ற ஒரே குரலில் காலி. இத்தனை காலம் நான் தொண்டை கிழியச் சொல்லியும் ஏறாத விஷயம், ஒரே மணி நேரத்தில் ஏறியது.

இப்போது நீதிபதி பதவிக்கு அடிதடி. முன்வரிசைப் பிள்ளைகள் அரை மணி முன்னதாக வந்து, கடைசி வரிசையில் நோட்டைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள்.