துறை அறிக்கையில் யார் பெயர்?

மார்ச் வந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுக்க ஃபைல்தான். அண்ணி தென்மும்பையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் பாட்டனி எடுக்கிறார், உயிரியல் துறை ஆசிரியர்கள் வருஷம் முழுக்க என்னென்ன செய்தார்கள் என்று அறிக்கை தயாரிப்பது அவர் பொறுப்பு, அதை டைப் அடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. இதைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி அவ்வளவுதான்.

படிவத்தில் என்ன கேட்கிறார்கள்? எஃப்டிபி என்கிற ஆசிரியர் பயிற்சி எத்தனை, ரெஃப்ரெஷர் கோர்ஸ் எத்தனை, கருத்தரங்கில் கட்டுரை வாசித்தீர்களா, சான்றிதழ் நகல் எங்கே, எடுத்த இடம் தெரிகிற மாதிரி ஜியோ டேக் போட்ட போட்டோ எங்கே. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் கேட்டால் எல்லாவற்றுக்கும் காகிதம் காட்ட வேண்டும். கேமராவை அணைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே ஒரு வாரம் ஆன்லைன் வகுப்பு கேட்டாலும் சான்றிதழ் வந்துவிடும், அறிக்கையில் ஒரு வரி ஏறிவிடும்.

ஆனால் அந்தத் துறையில் நிஜமாகவே நடக்கும் வேலை வேறு. 2014-ல் யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, விலங்குகளை அறுத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொன்ன பிறகு, தவளையும் கரப்பானும் இல்லாமல் விலங்கியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆளுக்கு ஆள் யோசித்திருக்கிறார்கள். இங்கே ஒரு இளம் ஆசிரியை, தூரத்து விரார் பக்கத்திலிருந்து லோக்கல் ரயிலில் வருபவர், கடல் வற்றம் எப்போது என்று பார்த்துவைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கிர்காவ் சௌபாட்டிக்கும் ஹாஜி அலி பாறைகளுக்கும் கூட்டிப்போகிறார். தண்ணீர் இறங்கிய பாறை இடுக்குகளில் கடல் சாமந்தி, காலிச் சங்கில் குடியேறிய நண்டு என்று அவ்வளவு உயிர் இருக்கிறது. அந்த நகரத்துக் கடலில் குப்பை தவிர எதுவும் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மழைக்காலத்தில் செடி சேகரிப்பு. சஹ்யாத்ரியில், அதாவது இந்தப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையில், நிறையச் செடிகள் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் பூக்கும், அப்போதுதான் எதுவும் காயாது! செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திய செடிக்குத் தினமும் தாள் மாற்றாவிட்டால் மறுநாளே பூஞ்சை. அதனால் எங்கள் வீட்டுப் பழைய தினத்தந்தி பழைய பேப்பர்காரரான ரத்திவாலாவுக்குப் போவதே இல்லை. காய்ந்ததும் அட்டையில் ஒட்டி, வலது கீழ் மூலையில் லேபிள்: தாவரப் பெயர், இடம், தேதி, சேகரித்தவர் பெயர், எண். கர்வி மாதிரி ஒன்று கிடைத்தால் கொண்டாட்டம்தான், நம் நீலக்குறிஞ்சிக்குப் பங்காளி, ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும், பல பேட்ச் அதைப் பார்க்காமலே டிகிரி வாங்கிப் போய்விடும்.

இந்த வேலைக்கு மும்பையில் பெரிய பரம்பரை இருக்கிறது. செயின்ட் சேவியர் கல்லூரியில் பாட்டனி பேராசிரியராக இருந்த எத்தல்பர்ட் பிளாட்டர், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த சேசு சபைப் பாதிரியார், 1906-ல் ஆரம்பித்த தாவரத் தொகுப்பு இன்றைக்கு லட்சத்துக்கு மேல் தாள்களோடு அவர் பெயரிலேயே இருக்கிறது. அவருக்குப் பின் அங்கே வந்த ஸ்பெயின் நாட்டு சந்தாபாவ் கண்டாலா மலையின் செடிகளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து 1953-ல் புத்தகமாகவே போட்டார், அப்புறம் நாட்டின் தாவரங்களை ஆய்வு செய்யும் அரசுத் துறையான பொட்டானிகல் சர்வேக்கே தலைவரானார். அண்ணி படித்த திருச்சி ஜோசப் கல்லூரியிலும் இதே கதைதான், ராபினாட் ஹெர்பேரியம் என்கிற தாவரத் தொகுப்பில் உட்கார்ந்துகொண்டு ஃபாதர் மேத்யூ தமிழ்நாட்டுத் தாவரங்களைத் தொகுதி தொகுதியாக எழுதி முடித்தார்.

'அந்தக் காலத்து ஆசிரியர்கள் மாதிரி வருமா' என்று இதை வைத்து யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் துறவிகள். வீட்டு லோனும் கிடையாது, விரார் லோக்கலும் கிடையாது. நான் சொன்ன ஆசிரியை சிஎச்பி, அதாவது மணிக்கணக்குச் சம்பளம், வகுப்பெடுத்த நேரத்துக்கு மட்டும் காசு. விடியற்காலைப் பாறையில் நின்றதற்கும் லீவு நாளில் தாள் மாற்றியதற்கும் ஒரு பைசா வராது. அடுத்த ஜூனில் கூப்பிடுவார்களா என்பதும் நிச்சயமில்லை.

இந்த வருஷம் அறிக்கையில் அதுதான் பிரச்சினை ஆனது. களப்பயணங்களை நிரந்தர ஆசிரியர் பெயரில்தான் காட்ட வேண்டும், சிஎச்பி ஆட்களை 'உதவி' என்று கீழே போட்டால் போதும் என்று மேலிருந்து வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். அண்ணி அலமாரியிலிருந்து இந்த மழைக்காலத்துத் தாள்களை எடுத்துவந்து மேஜையில் பரப்பினார். பாதிக்கு மேல் லேபிளில் சேகரித்தவர் இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர்தான்.

"இதைப் பார்த்து அப்படியே அடி," என்றார்.

அடித்தேன். நிரந்தரப் பேராசிரியர்கள் இருவரும் இரண்டாவது, மூன்றாவது இடத்துக்குப் போனார்கள். அண்ணி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இதுவரை திரும்பி வரவில்லை.