காலரஸ் கல் கோயில்

அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில், டிங்கிள் தீபகற்பத்தில் இருக்கும் காலரஸ் ஜெபக்கூடத்துக்குள் நின்றுவிட்டு வந்து இரண்டு நாளாகிறது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

தூரத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி இருக்கிறது. சாந்தை நம்பி நிற்கிற கட்டடம் இல்லை. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுக்கி, இரண்டு பக்கச் சுவர்களும் உச்சியில் சேரும்படி கட்டியிருக்கிறார்கள். அதனால் சுவரே கூரையாகிவிடுகிறது. கற்கள் வெளிப்பக்கமாக லேசாகச் சரிந்திருப்பதைக் கிட்டே போய்ப் பார்த்தேன். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் வழிந்து ஓடத்தான் இந்த ஏற்பாடு.

வட்டமான குடிசையை இப்படிக் கட்டுவது எளிது, கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். செவ்வகத்தில் நீளச் சுவர்களின் நடுப்பகுதி பலவீனம். இதே வகைக் கூடங்கள் பல அந்த இடத்தில்தான் உள்ளே சரிந்து போயின. இது மட்டும் முழுசாக நிற்கிறது, கூரை முகடு நடுவில் கொஞ்சம் தொய்ந்திருந்தாலும்.

மேற்கே குனிந்து நுழைகிற வாசல். அதன் உள்பக்கம் மேலே, துளையிட்ட இரண்டு கற்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, கதவு தொங்கவிட்ட இடம். கிழக்கே ஒரே ஒரு சின்ன ஜன்னல், மேலே வளைவாகச் செதுக்கியது. அவ்வளவுதான் வெளிச்சம்.

வயதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 8ஆம் நூற்றாண்டு வாக்கில் என்பது பழைய கருத்து. 12ஆம் நூற்றாண்டு வரை கொண்டுவருகிறவர்களும் உண்டு. 1756இல் சார்லஸ் ஸ்மித் என்ற வரலாற்று எழுத்தாளர் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

உள்ளே கல்லில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.