ஓட்டில்லாதவனுக்கும் ஒரு கட்சி

2012 நவம்பர் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஒபாமாவும் ரோம்னியும் மோதியபோது எனக்கு ஓட்டு இல்லை. அப்போது அமெரிக்கா வந்து ஆறு வருடம் ஆகப்போகிறது, கையில் எச்-1பி விசா, க்ரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. வரி கட்டுகிறேன், சோஷியல் செக்யூரிட்டி என்கிற ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிடித்தம் போகிறது, ஓட்டு மட்டும் கிடையாது. இருந்தாலும் அந்தத் தேர்தலில் நான் நடுநிலையாக இருக்கவில்லை. ஒபாமா ஜெயிக்க வேண்டும் என்று மனசார விரும்பினேன். அதற்குக் காரணம் 2008 குளிர்காலம்.

டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஒரு புறநகரில் 2007 ஜனவரியில் வந்து இறங்கினேன். கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஒரு சப்ளையர் கம்பெனியில் வேலை. பனிதான் புதிது, பிரஸ் சத்தம் பழகியதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா இருபத்தாறு வருடம் பிரஸ் ஷாப்பில் நின்றவர். பெரிய கம்பெனி ஆர்டரை நிறுத்தினால் ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கும், எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியின் கடன் நோட்டு தடிக்கும். சின்ன வயதிலேயே பார்த்தது இது.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி விழுந்தது. கடன் கிடைக்காமல் போனதும் கார் வாங்க ஆள் இல்லை. எங்கள் பிளான்ட்டில் மூன்று ஷிப்ட் இரண்டாகி, பிறகு ஒன்றானது. வெள்ளிக்கிழமை மதியம் ஹெச்.ஆர். அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வோம். என் வரிசையில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரில் ஆறு பேர் அட்டைப்பெட்டியோடு போனார்கள். வேலை போன எச்-1பி காரனுக்கு இப்போது 60 நாள் அவகாசம் உண்டு. அந்த விதி 2017ல்தான் வந்தது. அன்றைக்கு வேலை போனால் இங்கே சட்டப்படி தங்கும் உரிமையும் அன்றே போனது. மனைவி ஐந்து மாத கர்ப்பம். மருத்துவக் காப்பீடும் அதே வேலையோடு கட்டப்பட்டிருந்தது. ராத்திரி அவள் தூங்கிய பிறகு சென்னைக்கு விமானக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துவைத்துக்கொள்வேன்.

அந்த நவம்பர் 18ஆம் தேதிதான் மிட் ரோம்னியின் கட்டுரை நியூயார்க் டைம்ஸில் வந்தது. ‘டெட்ராய்ட் திவாலாகட்டும்’ என்று தலைப்பு. டெட்ராய்ட் என்றால் இங்கே கார் கம்பெனிகள். ரோம்னி டெட்ராய்ட்டில் பிறந்தவர், அப்பா ஜார்ஜ் ரோம்னி அமெரிக்கன் மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனியின் தலைவராக இருந்து பிறகு மிச்சிகன் கவர்னரானவர். அந்த வீட்டுப் பிள்ளை இப்படி எழுதியதை எங்கள் ஊர் மறக்கவே இல்லை.

2012ல் ஒரு தீபாவளி விருந்தில் இதைச் சொன்னபோது, எனக்கு முன்னால் வந்து குடியுரிமையும் வாங்கிவிட்ட ஓர் அண்ணன் மறித்தார். “தம்பி, தலைப்பு பத்திரிகைக்காரன் வச்சது. அவர் சொன்னது கோர்ட் மேற்பார்வையில முறையா திவால் பண்ணி, கடனைக் கழிச்சிட்டு வெளிய வரணும்னுதான். கடைசியில ஒபாமா செஞ்சதும் அதானே?”

தலைப்பைப் பற்றி அவர் சொன்னது சரி. ஜி.எம். என்கிற ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் இரண்டு கார் கம்பெனிகளுமே 2009ல் திவால் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் மீண்டன. ஆனால் திவாலில் இருக்கிற கம்பெனி தினமும் ஓட வேண்டுமே. ஆள் சம்பளம், இரும்பு, கரண்ட், எங்களைப் போன்ற சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பாக்கி, இதற்கெல்லாம் பணம் யார் தருவது?

“அண்ணே, அந்த டிசம்பர்ல வங்கிக்கே அரசாங்கம் பணம் குடுத்துக்கிட்டிருந்துச்சு. ஜி.எம்.முக்கு எந்த வங்கி குடுத்திருக்கும்? பேர் சொல்லுங்க” என்றேன். அவர் பேச்சை வரிவிகிதத்துக்குத் திருப்பினார்.

கட்டுரையில் ரோம்னி அரசு உத்தரவாதம் தரலாம் என்றார், திவாலுக்குப் பிந்தைய கடனுக்கு. திவாலுக்கு நடுவே ஓடுவதற்கான ரொக்கம் எங்கிருந்து வரும் என்பதற்கு அதில் பதில் இல்லை. இரண்டு கம்பெனிகளுக்கும் முதல் 1,740 கோடி டாலரைப் பதவியின் கடைசி வாரங்களில் கொடுத்தவர் ஒபாமாவுக்கு முந்தைய ஜனாதிபதி புஷ். அந்த நன்றி அவருக்கும் உண்டு. பதவிக்கு வந்த ஒபாமா, நாட்டின் பெரும்பகுதி எதிர்த்தும் பின்வாங்கவில்லை. எல்லாம் சேர்ந்து சுமார் 8,000 கோடி டாலர். ஜி.எம். ஜூன் 1ஆம் தேதி திவாலுக்குள் போய் ஜூலை 10ஆம் தேதி வெளியே வந்தது.

ஃபோர்டு அந்தப் பணத்தை வாங்கவே இல்லை. 2006லேயே தன் நீல முட்டை வடிவச் சின்னம் முதற்கொண்டு அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தது. ஆனாலும் அதன் தலைவர் ஆலன் முலாலி வாஷிங்டன் போய், போட்டிக் கம்பெனிகளைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார். எங்கள் பிளான்ட்டைப் பார்த்தால் காரணம் புரியும். ஒரே கூரையின் கீழ் ஒரு லைன் ஜி.எம்.முக்கு, பக்கத்து லைன் ஃபோர்டுக்கு. ஜி.எம். பணம் தராவிட்டால் நாங்கள் மூடுவோம், நாங்கள் மூடினால் ஃபோர்டு வண்டிக்கும் இருக்கை கிடையாது. தனியாக ஒருவனை மட்டும் மூழ்கவிட முடியாது என்பது இந்த ஊரில் கணக்கு.

நஷ்டமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஜி.எம்.மின் போன்டியாக் என்ற கார்ப் பெயரே ஒழிந்தது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்கள் செய்த வில்லோ ரன் பிளான்ட் 2010ல் மூடப்பட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழையவர்களின் சம்பளத்தில் பாதிதான். மாநிலத்தில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டிவிட்டுத்தான் இறங்கியது. ஆனால் எங்கள் இரண்டாவது ஷிப்ட் திரும்பி வந்தது. என் பையன் அந்தக் காப்பீட்டில்தான் பிறந்தான்.

எதிர்வீட்டில் ஒரு பெரியவர். வாரன் நகரத்தில் ஒரு கார் பிளான்ட்டில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யூ.ஏ.டபிள்யூ. என்ற கார்த் தொழிலாளர் சங்கத்துக்காரர். எங்கள் முதல் குளிர்காலத்தில், பனி அள்ளத் தெரியாமல் நான் திணறியதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலைச் சுத்தம் செய்து கொடுத்தவர். கை குலுக்கும்போதுதான் கவனித்தேன், ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. பிரஸ்ஸில் போன விரல். அம்பத்தூரில் அப்பாவோடு வேலை பார்த்த மாமாக்களில் இரண்டு பேருக்கு அதே மாதிரி இருக்கும்.

2012 செப்டம்பரில் ரோம்னியின் அந்த வீடியோ வெளியானது. பணக்காரர்கள் கூடிய ஒரு நன்கொடை விருந்தில், 47 சதவீத மக்கள் எப்படியும் ஒபாமாவுக்குத்தான் போடுவார்கள், வருமான வரி கட்டாதவர்கள், தங்களைப் பாதிக்கப்பட்டவர்களாக நினைப்பவர்கள், அவர்களைப் பற்றிக் கவலைப்படுவது என் வேலை அல்ல என்று பேசியிருந்தார். மறுநாள் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். சாப்பாட்டு மேஜையில் ஒரு ஷூ பெட்டி. அதில் ரப்பர் பேண்டு போட்ட பழைய சம்பளச் சீட்டுகள். ஒன்றை உருவி, குறைந்துபோன அந்த விரலால் ஒவ்வொரு பிடித்தமாகத் தொட்டுக் காட்டினார். வருமான வரி, சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், சங்கச் சந்தா. “இப்போது எனக்கு வருமான வரி வருவதில்லை. அதனால் நானும் அந்த நாற்பத்தேழில் ஒருவன்” என்றார். குரல் உயரவில்லை. சீட்டை மடித்து, பழையபடி ரப்பர் பேண்டு போட்டு வைத்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஒருவர் வாழ்நாள் உழைப்பை ஒரு விருந்து மேஜையில் இத்தனை லேசாகத் தள்ளிவிடலாம் என்று நினைக்கிறவர் இந்த நாட்டுக்குத் தலைவராக வரக்கூடாது. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான்.

கடைசி வாரத்தில் ஓஹையோவில் ரோம்னி தரப்பு ஒரு விளம்பரம் விட்டது. ஜீப் உற்பத்தி சீனாவுக்குப் போகப்போகிறது என்று கேட்பவருக்குத் தோன்றும்படி எடுத்திருந்தார்கள். இங்கே செய்வது இங்கேதான் தொடரும் என்று கிரைஸ்லர் தலைவர் மார்கியோனே ஊழியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. நாலு வருடம் முன்னால் அட்டைப்பெட்டியைக் கண்டு நடுங்கியவர்களிடம் போய் அந்தப் பயத்தையே திரும்பக் கிளப்பியது எனக்குப் பொறுக்கவில்லை.

நவம்பர் 6ஆம் தேதி பெரியவரை நான்தான் காரில் கூட்டிப் போனேன். வீட்டிலிருந்தே தபாலில் போட்டிருக்கலாம், அவருக்கு நேரில் போக வேண்டும். பள்ளிக்கூட ஜிம்மில் வாக்குச்சாவடி. அந்த வருடம் வாக்குச்சீட்டில் மாநிலத் தீர்மானங்களே ஆறு இருந்தன, வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. நான் வெளியே காரிலேயே இருந்தேன், பின்சீட்டில் பையன் தூங்கிவிட்டான். ஒன்றே கால் மணி நேரம் கழித்து, கோட்டில் ‘ஓட்டுப் போட்டேன்’ ஸ்டிக்கரோடு வந்து உட்கார்ந்தார். “நாளைக்கு உனக்குக் காலை ஷிப்ட்டா?” என்று மட்டும் கேட்டார்.

ராத்திரி பதினொன்றே கால் வாக்கில் ஓஹையோ ஒபாமாவுக்கு என்று டிவியில் சொன்னார்கள். அதோடு அவர் ஜெயித்தது உறுதியானது. மனைவி ஜன்னல் திரையை விலக்கி “இங்க பாருங்க” என்றாள். எதிர்வீட்டு வாசல் விளக்கு அணைந்து எரிந்தது, மறுபடியும் அணைந்து எரிந்தது. அவளே போய் எங்கள் வாசல் சுவிட்சையும் இரண்டு முறை தட்டிவிட்டு வந்தாள்.