மண்ணுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

ஜெர்மனியின் ரூர் பகுதியில் வீடு வாங்கும் நம்மவர்கள் வங்கி வட்டியை அலசுகிறார்கள், கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள், ஹீட்டிங் எத்தனை வருடப் பழசு என்று கேட்கிறார்கள். மண்ணைப் பற்றிக் கேட்பவர் குறைவு. நிலக்கரியும் இரும்பும் நூறாண்டுக்கு மேல் ஆண்ட பூமி இது. டோர்ட்முண்டின் டோர்ஸ்ட்ஃபெல்டில் நிலக்கரியைச் சுட்டுக் கோக் எரிபொருள் செய்த பழைய ஆலை நின்ற இடத்திலேயே குடியிருப்பு கட்டி, 1980களில் அதன் மண்மாசு பெரும் பிரச்சினையாக வெடித்தது. அடுத்து வீடு வாங்கப்போகிறவர் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்கட்டும் என்றுதான் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

நாங்கள் பார்த்தது 1950களில் கட்டிய வீடு. பின்னால் நீளமான தோட்டம். தரகர் நிலப் பதிவேட்டின் நகலை நீட்டி, "ஒரு சிக்கலும் இல்லை" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. குருண்ட்புக் எனப்படும் அந்தப் பதிவேட்டில் உரிமையாளர், அடமானம், வழியுரிமை எல்லாம் இருக்கும். மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பது இருக்காது. அதற்கு ஆல்ட்லாஸ்டன் கடாஸ்டர் என்று பழைய மண்மாசுகளைக் குறித்துவைக்கும் தனிப் பதிவேடு உண்டு. அந்தந்த நகரத்தின் அல்லது மாவட்டத்தின் மண் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கேட்டுக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். விற்பவரின் சம்மதக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினோம்.

தோட்டத்தின் பின்பகுதி மாசு இருக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில் இருப்பதாகப் பதில் வந்தது. நேரில் போனேன். அலுவலர் பொறுமையானவர். போர்க்காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை மேசையில் விரித்தார். எங்கள் வீடு அதில் இல்லை. அந்த இடத்துக்குப் பின்னால் நீண்ட கொட்டகையும் அதன் பக்கத்தில் கரும்புள்ளி போல ஒரு குவியலும் தெரிந்தன. உலோகப் பட்டறை. குவியலில் இருந்தது என்னவென்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது, தோண்டித்தான் பார்க்க வேண்டும் என்றார்.

இங்கே சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வது அவசியம். 1998இல் இயற்றி 1999 மார்ச் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி மண் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, மண்ணைக் கெடுத்தவர் மட்டுமல்ல, நிலத்தின் இன்றைய உரிமையாளரும் சுத்தம் செய்யும் பொறுப்புக்கு உரியவர். பட்டறைக்காரர் எப்போதோ போய்விட்டார். பத்திரம் நம் பெயரில் இருக்கும். இது நியாயமா என்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் யாரும் பொறுப்பேற்காத மண்ணில் பிள்ளைகள் விளையாடுவதைவிட இது மேல் என்றே இப்போது நினைக்கிறேன். 2000ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் இந்தச் சுமைக்கு ஒரு வரம்பு வைத்தது: தவறு செய்யாத உரிமையாளரிடம் பொதுவாக அந்த நிலத்தின் மதிப்புக்கு மேல் செலவைச் சுமத்தக் கூடாது. ஆனால் ஆபத்தைத் தெரிந்தே வாங்கியவருக்கு அந்த வரம்பு பொருந்தாமல் போகலாம். அசட்டையாகக் கேட்காமல் விட்டவரின் நிலையும் உறுதியானதல்ல. ஆகவே, "கேட்டால்தானே தெரியும், கேட்காமலே இருந்துவிடலாம்" என்று நண்பர்கள் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

விற்பவரான பெரியவரிடம் பேசினோம்; மண் பரிசோதனைச் செலவில் பாதியை அவரும் ஏற்கச் சம்மதித்தார். அங்கீகாரம் பெற்ற நிபுணர் ஒருவர் வந்தார். நீளவாக்கில் பள்ளம் வெட்டிய இரும்புக் கம்பியைச் சுத்தியலால் மண்ணில் அடித்து இறக்கி, திருகி, மெல்ல வெளியே இழுத்தார். கம்பியின் பள்ளத்தில் மண் அடுக்கு அடுக்காக ஒட்டியிருந்தது. மேலே நல்ல கறுப்பு மண். கீழே போகப்போகச் சாம்பல், செங்கல் துணுக்கு, கண்ணாடி போல மினுங்கும் உலோகக் கசடு. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார், எண்ணெய் வாடை இல்லை என்று குறித்துக்கொண்டார். விளையாடும் பிள்ளையின் கையில் ஒட்டுவது மேல் மண் என்பதால் முதல் 10 சென்டிமீட்டரைத் தனியாக எடுத்தார். காய்கறி போட நினைக்கும் இடத்தில் 30 சென்டிமீட்டர் வரை. பல இடங்களில் எடுத்ததைக் கலந்து, கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

முடிவைப் பார்த்து என் மனைவி கலங்கிவிட்டாள். பின்பகுதியில் ஈயம் ஒரு கிலோ மண்ணில் 200 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது, 400க்குக் கீழே. சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் ஈயத்துக்கான பரிசோதனை அளவு பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு 200, குடியிருப்புக்கு 400, பூங்காவுக்கு 1000, தொழிற்சாலை நிலத்துக்கு 2000. மண் ஒன்றுதான்; அதில் யார், எப்படிப் புழங்குகிறார்கள் என்பதை வைத்தே அளவு மாறுகிறது. அளவைத் தாண்டினால் உடனே மண்ணை அள்ள வேண்டும் என்று பொருளில்லை, மேற்கொண்டு ஆராய வேண்டும் என்றே பொருள். இதை நிபுணர் விளக்கிய பிறகுதான் அவள் சாப்பிட உட்கார்ந்தாள். காட்மியம் என்ற நச்சு உலோகத்தில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. பிள்ளைகளும் விளையாடி, காய்கறியும் விளையும் வீட்டுத் தோட்டத்துக்கு அதில் வெறும் 2 மில்லிகிராம்தான் அளவு. கீரைகள் அதை வேர் வழியே இழுத்துக்கொள்ளும் என்பதால் அந்தக் கண்டிப்பு.

அலுவலகம் அறிக்கையைப் படித்து எழுத்தில் பதில் தந்தது: பின்பகுதி புல்தரையாக இருக்கட்டும், பிள்ளைகளின் மணல்தொட்டி வீட்டையொட்டி இருக்கட்டும், கீரையும் வெண்டையும் வெளியிலிருந்து வாங்கிய மண்ணை நிரப்பிய உயரப் பாத்திகளில் வளரட்டும், இப்போதைய பயன்பாட்டுக்கு வேறு நடவடிக்கை தேவையில்லை. அங்கே கட்டடம் எழுப்பினாலோ மண்ணைத் தோண்டி வெளியேற்றினாலோ மறுபடி கேட்க வேண்டும். அந்த மண்ணைப் பரிசோதித்துத் தரம் பிரித்து, உரிய இடத்துக்கு அனுப்பும் செலவு உரிமையாளருடையது.

இந்தக் கடிதத்தை வைத்து விலையைக் குறைத்தோம். ஒப்பந்த வரைவில், விற்பவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்ற வழக்கமான வரி இருந்தது. மண் மாசுச் செலவை யார் ஏற்பது என்பதை அதற்குக் கீழே தனி வாக்கியமாகச் சேர்க்கச் சொன்னோம். நோட்டரி ஒப்பந்தம் முழுவதையும் உரக்கப் படிப்பார். அந்த இடம் வரும்போது நிறுத்தி விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. பதிவேட்டுப் பதிலையும் ஆய்வறிக்கையையும் ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.