பின்சக்கரத்துக்கும் ஒரு ஷாக் வேண்டுமா?

பதினோரு ஆண்டுகளாக ஓட்டிவந்த என் ஹார்ட்டெயில் மலைமிதிவண்டியைச் சென்ற மாதம் கழுவிக்கொண்டிருந்தபோது, இருக்கைக் குழாயும் மேற்குழாயும் சேரும் பற்றவைப்பின் ஓரத்தில் மயிரிழை போன்ற ஒரு கோட்டைக் கண்டேன். கீறல் என்றுதான் முதலில் நினைத்தேன். சுரண்டிப் பார்த்தபோது நகம் அதில் சிக்கியது. விரிசல் விட்ட அலுமினியச் சட்டத்தை நம்பி மேடுபள்ளங்களில் இறங்க முடியாது என்பதால், புதிய வண்டி வாங்கியே ஆக வேண்டியதாயிற்று. உடன் ஓட்டும் தம்பிகள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "இந்த முறையாவது ஃபுல் சஸ்பென்ஷன் எடுங்கண்ணே." எனக்கு 48 வயதாகிறது, இடுப்பும் முன்போல் இல்லை. ஆயினும் சொன்னவுடனே பணத்தை எடுத்து வைக்க மனம் வராமல், அவர்களில் ஒருவரின் வண்டியை மூன்று வாரங்களுக்கு இரவல் வாங்கி, நான் வழக்கமாகச் செல்லும் சிங்கப்பூர்த் தடங்களிலேயே ஓட்டிப் பார்த்தேன்.

இரண்டையும் அறியாதவர்களுக்காக ஒரு வரி: முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான முன்ஃபோர்க் மட்டும் அமிழ்ந்து எழ, பின்பகுதி ஒரே திடமான முக்கோணமாக இருப்பது ஹார்ட்டெயில், பின்சக்கரத்தைத் தாங்கும் பகுதியும் மூட்டுகளில் அசைந்து ஒரு ஷாக்கை, அதாவது அதிர்வு தாங்கியை, அழுத்துமாறு அமைந்திருப்பது ஃபுல் சஸ்பென்ஷன்.

பின்னால் ஷாக் என்றதும் சொகுசுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். செஸ்நட் இயற்கைப் பூங்காவின் ஓர் ஏற்றத்தில்தான் அந்த எண்ணம் மாறியது. அங்கே மிதிவண்டித் தடத்தின் நீளம் 8 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; பெரிய மலை ஏதும் இல்லை; ஆனால் மழை பெய்த மறுநாள் மரவேர்களெல்லாம் சோப்பு தடவியதுபோல் ஆகிவிடும். ஹார்ட்டெயிலில் அந்த வேர்களின்மேல் ஏறும்போது பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் முட்டித் துள்ளும். துள்ளிய கணத்தில் பிடிப்பு விட்டுப்போகும். மிதித்த மிதியெல்லாம் வீணாகி, கால் ஊன்ற வேண்டிவரும். இரவல் வண்டியில் அதே வேர்களை இருக்கையை விட்டு எழாமலேயே கடந்துவிட்டேன். சக்கரம் ஒவ்வொரு வேரின்மேலும் ஏறி இறங்கியதே தவிர, தரையை விட்டு விலகவில்லை. டயரைத் தரையோடு வைத்திருப்பதே அந்த ஷாக்கின் தலையாய வேலை என்பதும், நம் முதுகுக்குக் கிடைக்கும் சுகம் அதன் உபரிதான் என்பதும் அன்று புரிந்தது.

ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் பின் ஷாக் தன் மொத்த நகர்வில் 30 விழுக்காடு அளவுக்கு அமிழும்படி காற்றை நிரப்பிவைப்பது வழக்கம். 120 மில்லிமீட்டர் நகர்வுள்ள வண்டியில் அது 36 மில்லிமீட்டர். அந்த அமிழ்வு இருப்பதால்தான் மேடு வந்தால் மேலேறும் சக்கரம், பள்ளம் வந்தால் கீழேயும் இறங்கித் தரையைத் தேடிக்கொள்கிறது. ஹார்ட்டெயிலிலோ முன்பக்கம் மட்டுமே அமிழ்வதால் வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொள்கிறது. ஃபோர்க் 20 மில்லிமீட்டர் அமிழ்ந்தால் ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் பொருந்தும் முன்குழாய் தரையோடு அமைக்கும் கோணம், ஏறத்தாழ ஒரு பாகை செங்குத்தாகும். பெரிய படி ஒன்றிலிருந்து இறங்கி 100 மில்லிமீட்டர் அமிழும்போது அது ஐந்து பாகை அளவுக்குப் போய்விடும். வண்டி எந்த இடத்தில் நிதானமாக இருக்க வேண்டுமோ அந்த இடத்தில்தான் அதன் கைப்பிடி பதற்றம் கொள்கிறது. ஃபுல் சஸ்பென்ஷனில் இரு முனைகளும் சேர்ந்து தாழ்வதால் கோணம் அவ்வளவாக மாறுவதில்லை. கடைகளின் அட்டவணைகளில் இரண்டு வகைகளின் கோணங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அட்டவணையில் உள்ளவை ஆள் ஏறாத வண்டியின் எண்கள்.

அடுத்த வாரம் பூலாவ் உபின் தீவுக்குச் சென்றேன். 2008இல் திறக்கப்பட்ட கெத்தாம் மலைமிதிவண்டிப் பூங்கா, கைவிடப்பட்ட ஒரு கருங்கல் சுரங்கத்தைச் சுற்றி ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு வளைந்து செல்கிறது. சாங்கி முனையில் படகில் ஏற்றும்போதே இரவல் வண்டி தன் எடையை உணர்த்தியது: என் பழைய வண்டி 13 கிலோ, இது 15. இறக்கங்களில் அந்த இரண்டு கிலோவையும் மறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடினமானவை என்று கறுப்பு வைரக் குறியிட்ட பகுதிகளில், நான் எப்போதும் பிரேக்கைப் பிடிக்கும் இடங்களில் பிடிக்கவில்லை. பிற்பகலில் திரும்பும்போது கால்கள் வழக்கம்போல் தளர்ந்திருக்கவும் இல்லை. ஹார்ட்டெயில் ஓட்டுபவருக்கு முழங்கால்கள்தாம் பின் ஷாக். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு அவை சர்வீஸ் கேட்கத் தொடங்கிவிடும்.

போட்டிக்களத்தில் இந்த வழக்கு தீர்ந்து நாளாகிவிட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் குறுக்குநாட்டுப் பந்தயத்தில் ஃபுல் சஸ்பென்ஷன் ஓட்டிய செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி, ஹார்ட்டெயில் ஓட்டிய சுவிஸ் வீரர் நினோ ஷுர்ட்டரை ஒரே ஒரு விநாடியில் முந்தித் தங்கம் வென்றார். 2016இல் ரியோவில் ஷுர்ட்டர் தங்கம் வென்றபோது அவரும் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறியிருந்தார். ஆனால் அவர்களுக்குப் பின்னால் வண்டியைக் கழுவி, கழற்றி, மாட்டித் தர ஒரு குழுவே இருந்தது. எனக்கு இருப்பது அடுக்குமாடி வீட்டின் சேவை முற்றமும், துணி காயப்போட இடம் கேட்கும் மனைவியும்.

பராமரிப்பைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. வெறும் 45 மில்லிமீட்டர் சுருங்கும் ஷாக், நெம்புகோல் அமைப்பின் உதவியால்தான் பின்சக்கரத்துக்கு 120 மில்லிமீட்டர் நகர்வைத் தருகிறது. அந்த நெம்புகோலின் சுமை முழுவதையும் சுமப்பவை மூட்டுகளுக்குள் இருக்கும் சிறிய பேரிங்குகள். நம் ஊரின் ஈரக்காற்றிலும் செம்மண் சேற்றிலும் அவை துருப்பிடித்துக் கிறீச்சிடத் தொடங்கும். ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் மாற்றுவது இரண்டு வகைக்கும் பொதுவானது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஓட்டும் எனக்கு அது நான்கு மாதங்களுக்கு ஒருமுறை வரும். ஃபுல் சஸ்பென்ஷனில் பின் ஷாக்கின் சீல்களும் மூட்டுப் பேரிங்குகளும் அதற்குமேல் கூடுதல் செலவு.

நான் ஒதுக்கியிருந்த 2,500 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைத்த ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிகளில் பணமெல்லாம் பின்பகுதிக்கே போய்விட்டிருந்தது: தணிப்பு போதாத ஃபோர்க், கடிக்காத பிரேக், டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே இருக்கையைத் தாழ்த்தி உயர்த்தும் தண்டு) இல்லாத இருக்கை. அதே விலைக்கு ஹார்ட்டெயிலில் நல்ல ஃபோர்க்கும், நான்கு பிஸ்டன் பிரேக்கும், டிராப்பர் போஸ்டும் கிடைத்தன. இறக்கத்தில் முதலில் அடி வாங்குவது முன்சக்கரம்தான். மோசமான ஃபோர்க்குக்குப் பின்னால் ஒரு ஷாக்கை மாட்டுவது, ஓட்டைக் கூரையின் கீழ் விலையுயர்ந்த கம்பளம் விரிப்பதைப் போன்றது. பேரங்காடிகளில் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும், வெறும் சுருள்வில்லைப் பின்னால் மாட்டிய வண்டிகளை நான் இந்தப் பேச்சிலேயே சேர்க்கவில்லை.

இருமடங்கு செலவிட முடிந்து, மாதம் ஒருமுறையாவது நீண்ட மலை இறக்கங்களைத் தேடி வெளிநாடு செல்பவராக இருந்தால், அல்லது மருத்துவரே முதுகைப் பற்றி எச்சரித்திருந்தால், தயங்காமல் ஃபுல் சஸ்பென்ஷன் வாங்கலாம். நான் ஓட்டுவதோ, மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டரைத் தொடாத ஒரு தீவில். சுவா சூ காங்கிலிருந்து பூங்கா இணைப்புப் பாதையில் மிதித்தே தடத்துக்குச் செல்கிறேன். அந்தச் சமதளத்தில், பூட்டாமல் விட்ட ஷாக் ஒவ்வொரு மிதிக்கும் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஆகவே மீண்டும் ஹார்ட்டெயிலே வாங்கினேன். 130 மில்லிமீட்டர் ஃபோர்க், 65 பாகை ஹெட் ஆங்கிள், பின்னால் 2.6 அங்குல டியூப்லெஸ் டயர். முதல் ஞாயிறன்றே செஸ்நட்டின் அதே ஏற்றத்துக்குப் போய், மூன்றாவது வேரில் கால் ஊன்றினேன். பின்டயரின் காற்றை 24 பிஎஸ்ஐயிலிருந்து 21க்குக் குறைத்த பிறகு ஐந்தாவது வேர் வரை போக முடிகிறது. மொத்தம் ஏழு வேர்கள். வண்டியை இரவல் தந்த தம்பி மேலே நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.