62 ரூபாய் டைல்ஸ், 154 ரூபாய்த் தரை

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கீழறைக்குத் தரை போட்டபோது கணக்குப் போட்டவன் நான்தான். 12 அடி 3 அங்குல நீளத்தையும் 10 அடி 10 அங்குல அகலத்தையும் கைபேசியில் 12.3 பெருக்கல் 10.10 என்று தட்டி, 124 சதுர அடி என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். அடிக்கு அங்குலம் பன்னிரண்டு என்பதைக் கால்குலேட்டர் அறியாது. 10 அங்குலம் என்பது 0.83 அடி, 3 அங்குலம் 0.25 அடி, ஆகவே உண்மையான பரப்பு 132.7 சதுர அடி. அத்தோடு, ‘ரெண்டுக்கு ரெண்டு’ டைல்ஸ் நான்கு கொண்ட ஒரு பெட்டி 16 சதுர அடிக்கு வரும் என்றும் நம்பினேன். அந்தக் கல்லின் அளவு 600 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. பெட்டியின் மேல் 1.44 சதுர மீட்டர் என்று அச்சிட்டிருப்பது 15.5 சதுர அடிதான். எட்டுப் பெட்டி வாங்கினேன், ஒன்பது கல் குறைந்தது. திரும்பப் போனபோது அதே பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான சரக்கு, தீர்ந்துவிட்டிருந்ததால், சன்னல் ஓரத்து வரிசை இன்றும் ஒரு மாற்று மங்கலாகவே இருக்கிறது.

இந்த ஆண்டு அதற்கு நேர் மேலே அதே அளவில் மாடியறை கட்டினோம். இம்முறை பரப்பளவை ஓரமாக வைத்துவிட்டு, கற்களை எண்ணுவது என்று முடிவு செய்தேன்.

அளவெடுப்பதைச் சுவர்ப் பூச்சு முடிந்த பிறகே செய்ய வேண்டும். வரைபடத்தில் இருக்கும் அளவு செங்கல்லுக்குச் செங்கல். பூச்சு இரு பக்கமும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று இடங்களில் அளந்து பெரிய அளவையே எடுத்துக்கொண்டேன். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இல்லாவிட்டால் அறை கோணலாக இருக்கிறது, ஓரத் துண்டுகள் சரிவாக வெட்டப்படும் என்று பொருள்.

பிறகு கட்டம் போட்ட தாளில் கற்களை அடுக்கினேன். இணைப்புக்கு 2 மில்லிமீட்டர் விட்டால் ஒரு கல்லுக்கு 602. நீளவாக்கில் ஆறு முழுக்கல்லும் 12 சென்டிமீட்டர்த் துண்டும், அகலவாக்கில் ஐந்து முழுக்கல்லும் 29 சென்டிமீட்டர்த் துண்டும் வந்தன. முழுக்கல் முப்பது; அகலத் துண்டுகளுக்கு, ஒரு கல்லில் இரண்டு வீதம், மூன்று கல்; ஒல்லித் துண்டுகளுக்கு இரண்டு கல்; வாசற்படிக்கு ஒன்று. சுவரின் அடியில் ஓடும் பட்டையான ஸ்கர்ட்டிங்குக்குச் சுற்றளவில் கதவைக் கழித்தால் 43 அடி. நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு கல்லில் ஐந்து பட்டைகள்தாம் தேறும், கல் இரண்டு அடிக்குக் குறைவு என்பதாலும் வெட்டும் பிளேடின் தடிமனாலும் ஆறாவது முழுதாகக் கிடைக்காது. அதற்கு ஐந்து கல். ஆக மொத்தம் 41.

ஆனால் சுவரோரம் 12 சென்டிமீட்டர் ஒல்லித் துண்டு ஓடுவது கண்ணை உறுத்தும். அதைத் தவிர்க்க, வரிசையை நகர்த்தி இரு பக்கமும் 36 சென்டிமீட்டர் வருமாறு வரைந்து பார்த்தேன். தரைக்கு மட்டும் நான்கு கல் கூடியது, மனம் சற்றுச் சுணங்கியது. அப்போதுதான் ஒன்று கவனத்துக்கு வந்தது: 36 வெட்டிய ஒவ்வொரு கல்லிலும் மிஞ்சும் ஏறக்குறைய 24 சென்டிமீட்டரில் இரண்டு ஸ்கர்ட்டிங் பட்டைகள் கிடைக்கின்றன. பத்துத் துண்டில் இருபது பட்டை, தேவையோ இருபத்திரண்டு. ஸ்கர்ட்டிங்குக்கென்று தனியாக ஒரே ஒரு கல் போதும். கூட்டிப் பார்த்தால் அதே 41! உடைசலுக்கு மூன்று சேர்த்து 44, பதினோரு பெட்டி. பரப்பளவுக்குப் பத்து சதவீதம் சேர்க்கும் பொதுவான வழியில் போயிருந்தால் 38 கல்லோடு நின்றிருப்பேன்.

டைல்ஸுக்கு அடியில் இருப்பதை யாரும் விலை கேட்பதில்லை. இரண்டு அங்குலக் கலவைப் படுகைக்கு 22 கன அடி வேண்டும். உலர்ந்த சரக்கு நனைந்து இறுகும்போது குறைவதால் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 29 கன அடிக்குச் சற்று மேல். ஒன்றுக்கு ஐந்து கலவையில் அது சிமெண்ட் நான்கு மூட்டை, எம்-சாண்ட் எனும் செயற்கை மணல் கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). கல்லை அமர்த்துமுன் ஊற்றும் சிமெண்ட் பாலுக்கு இன்னொரு மூட்டை. இங்கேதான் நீர் நிரப்பிய குழாயால் பார்க்கும் டியூப் மட்டம் முக்கியமாகிறது: தளம் சராசரியாக ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தால் படுகை மூன்று அங்குலமாகிச் சிமெண்ட்டும் மணலும் ஒன்றரை மடங்காகும். கான்கிரீட் போட்ட அன்றே மட்டம் பார்த்ததால் நாங்கள் தப்பினோம். விட்ரிஃபைடு கல், அதாவது கண்ணாடிபோல் இறுகச் சுட்ட டைல்ஸ், 0.5 சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். ஆகவே சிமெண்ட் பாலை அது எளிதில் பற்றாது. கொத்தனார் ஒவ்வொரு கல்லையும் ரப்பர்ச் சுத்தியால் தட்டி, வெற்று ஒலி கேட்டவற்றைப் பெயர்த்து மீண்டும் பதித்தார். சிமெண்ட் பாலுக்குப் பசைக்கலவை நல்ல மாற்று. ஆனால் அதற்குத் தளம் ஏற்கெனவே சமமாக இருக்க வேண்டும்.

எங்களுக்கு ஆன செலவு இது. டைல்ஸ் வரியுடன் சதுர அடி 62 ரூபாய் வீதம் 10,571, சிமெண்ட் 1,850, மணல் 1,625, பதிக்கும் கூலி சதுர அடிக்கு 28 வீதம் 3,724, ஸ்கர்ட்டிங் கூலி ஓடும் அடிக்கு 18 வீதம் 774, இணைப்பு நிரப்பும் பொடியும் இடைவெளியைச் சீராக வைக்கும் ஸ்பேசரும் 350, வண்டி வாடகையும் மாடிக்கு ஏற்றும் கூலியும் 1,500. மொத்தம் 20,394 ரூபாய், அதாவது சதுர அடிக்கு 154. ஊருக்கு ஊர் விலை மாறும். ஆனால் கடைக்காரர் சொல்லும் சதுர அடி விலையைத் தரையின் விலை என்று எண்ணிக்கொள்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கமா என்றும் அங்கேயே கேட்டுவிடுவது நல்லது.

உடைசலுக்கென வாங்கிய மூன்றில் ஒன்று வெட்டும்போது உடைந்தது. மற்ற இரண்டும் பேட்ச் எண் ஒட்டிய பெட்டியோடு பரணில் இருக்கின்றன.